கண் அரிப்பா, எரிச்சலா, இரண்டுமா? தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்கோ படிப்புக்கோ ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா, டர்பன் என்று வந்து இறங்கிய நம்மவர்களில், முதல் வருடத்திலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு திரிகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஊரில் இருந்தவரை கண்ணில் ஒரு குறையும் இருந்திருக்காது. இங்கே வந்ததும் அரிப்பு, சிவப்பு, சாயங்காலமானால் மணல் விழுந்தது போல உறுத்தல்.

நானும் இதில் ஒரு வருடத்தைத் தொலைத்தவன். ஒரு இடத்தில் அலர்ஜி என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அரிப்பு அடங்கியது, எரிச்சல் கூடியது. இன்னொரு இடத்தில் கண் வறட்சி என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். எரிச்சல் குறைந்தது, அரிப்பு திரும்பி வந்தது. இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து இருக்கலாம், ஒன்றுக்கு எடுக்கும் மருந்து மற்றொன்றைக் கிளப்பிவிடலாம் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த வாசலில், எந்தக் காகிதத்தோடு, என்ன கேட்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில், காத்திருக்கக் கூடாத நிலையா என்று பாருங்கள்

கண்ணில் நிஜமான வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், ஒரு கண் மட்டும் திடீரென்று கடுமையாகச் சிவப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்குக் கண் சிவந்து வலித்தால் அதுவும் அவசரம்தான். லென்ஸைக் கழற்றி, தூக்கிப் போடாமல், டப்பாவோடு எடுத்துப் போங்கள். ரசாயனம் ஏதாவது தெறித்திருந்தால், போவதற்கு முன்பே குழாய்த் தண்ணீரில் நிறைய நேரம் கழுவ வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்று. ஓயாமல் கண்ணைக் கசக்குவது, காலையில் நூல் நூலாகக் கெட்டிப் பீளை, வெயிலில் கண்ணைத் திறக்க மறுப்பது என்றிருந்தால், சாதாரண அலர்ஜி என்று விட்டுவிடாதீர்கள். வெர்னல் என்று ஒரு வகை இருக்கிறது. வெப்பமான, வறண்ட ஊர்களில் குழந்தைகளுக்கு, அதிலும் பையன்களுக்கு, அதிகம் வரும். கருவிழியையே பாதிக்கும்.

2. அரிப்பையும் எரிச்சலையும் பிரித்துப் பழகுங்கள்

அலர்ஜி என்றால் முதலில் அரிப்பு, அதுவும் மூக்குப் பக்கத்து ஓரத்தில். கூடவே தும்மல், மூக்கடைப்பு, இமை வீக்கம். பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் இருக்கும். புல் வெட்டும் இடத்தைத் தாண்டினால், பூனை இருக்கும் வீட்டுக்குப் போனால் சட்டென்று கிளம்பும்.

வறட்சி என்றால் எரிச்சல், உறுத்தல், கண் கனப்பது. நாள் போகப்போகக் கூடும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கூடும், ஏனென்றால் திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. எழுத்து மங்கி, சிமிட்டினால் தெளிவாகும். இது வறட்சியின் நல்ல அடையாளம்.

குழப்புவது கண்ணீர்தான். "தாரை தாரையா ஊத்துது, எனக்கு எப்படி வறட்சி இருக்கும்?" என்று பலர் கேட்பார்கள். விழியின் மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது கண் பதறிப்போய் மொத்தமாக நீரைக் கொட்டுகிறது. அது வெறும் தண்ணீர். எண்ணெயும் கோழையும் சேர்ந்து விழிமேல் ஒட்டி நிற்க வேண்டிய படலம் அதில் இல்லை. வழிந்து போய்விடும், கண் மறுபடி காயும்.

அலர்ஜி வந்த கண்ணில் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் கிளம்பி அழற்சி உண்டாகிறது. அந்த அழற்சி நீடித்தால், கண்ணீரை விழியோடு ஒட்டவைக்கும் கோழையைச் சுரக்கும் செல்கள் பாதிக்கப்பட்டு, கண்ணீர்ப் படலம் சீக்கிரம் உடைகிறது. மறுபக்கம், கண்ணீர் குறைந்த கண்ணில் விழுந்த மகரந்தம் கழுவப்படாமல் அங்கேயே கிடக்கிறது. இப்படி ஒன்று இன்னொன்றை வளர்க்கும்.

இரண்டு வாரம் ஒரு சின்னக் குறிப்பு எழுதுங்கள். எப்போது, எங்கே, அரிப்பா எரிச்சலா, அன்றைக்கு என்ன மருந்து போட்டீர்கள், அவ்வளவுதான். போனிலேயே போதும். பின்னால் டாக்டருக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் இந்தக் குறிப்பு பாதி வேலையை முடித்துவிடும்.

3. எந்த ஊர், எந்த மாதம் என்று பாருங்கள்

தென்னாப்பிரிக்கா ஒரே வானிலை கொண்ட நாடு இல்லை. டர்பனில் அடங்கிக் கிடந்த கண் ஜோகன்னஸ்பர்க்கில் கிளம்பலாம், தலைகீழாகவும் நடக்கலாம்.

ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே குளிர்காலம். மழை அநேகமாகக் கிடையாது, காற்றில் ஈரப்பதம் மிகக் குறைவு, உதடு வெடிக்கும். கண் வறட்சிக்கு இதைவிட மோசமான காலம் இல்லை. வீட்டுக்குள் ஹீட்டர் வேறு. ஆகஸ்டில் காற்று கிளம்பினால் நகரின் தெற்கே, லெனேஷியா, சோவெட்டோ பக்கமெல்லாம், பழைய தங்கச் சுரங்கங்களின் மண்மேட்டுத் தூசியும் காய்ந்த புல் எரிந்த புகையும் சேர்ந்துகொள்ளும். அதே சமயம் பிளேன் மரங்களும் சைப்ரஸ் மரங்களும் மகரந்தம் கொட்ட ஆரம்பிக்கும். செப்டம்பர், அக்டோபரில் புல் மகரந்தம் தொடங்கினால் ஏப்ரல் வரைக்கும்கூட இழுக்கும். குளிர்காலத்தில் வறட்சியும் கோடையில் அலர்ஜியும் என்று மாறி மாறி வருவதால், பலர் இதை வருடம் முழுக்க இருக்கும் ஒரே நோய் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அக்டோபரில் பிரிட்டோரியா முழுக்க ஊதாவாகப் பூக்கும் ஜகரண்டாவின் மேல் எல்லோரும் பழி போடுவார்கள். அது பூச்சிகளால் மகரந்தம் பரவும் மரம், காற்றில் அதிகம் பறக்காது. அதே மாதத்தில் காலடியில் பூத்திருக்கும் புல்தான் பெரும்பாலும் காரணம். அந்தப் புற்களில் முக்கியமான ஒன்று நம் அருகம்புல். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல், அலர்ஜி ரத்தப் பரிசோதனை அறிக்கையில் "பெர்முடா கிராஸ்" என்ற பெயரில் வரும்.

டர்பன் வேறு கதை. ஈரப்பதம் அதிகம், அதனால் வறட்சி குறைவு, ஆனால் படுக்கையில் வளரும் தூசிப்பூச்சியும் சுவரில் பூக்கும் பூஞ்சணமும் வருடம் முழுக்கத் தொல்லை. ஹைவெல்ட் மேட்டு நிலத்தின் வறண்ட காற்றில் தூசிப்பூச்சி அவ்வளவாகப் பிழைக்காது. ஆகவே ஜோகன்னஸ்பர்க்கில் இருந்துகொண்டு தூசிப்பூச்சிக்கென்று விலை உயர்ந்த மெத்தை உறை வாங்குமுன், பரிசோதனை அறிக்கையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். டர்பனுக்கு வடக்கே டோங்காட், வெருலம் பக்கம் குடியிருந்தால் கரும்பு அறுவடை மாதங்களில் தோகை கொளுத்தும் கரி, துணிக்கொடி வரை வந்து விழும். அது அலர்ஜி இல்லை, நேரடி உறுத்தல். அதற்கு அலர்ஜி மாத்திரை போட்டுப் பயன் இல்லை. கேப் டவுனில் வசந்தகால மகரந்தமும், கோடையில் ஆளைத் தள்ளும் தென்கிழக்குக் காற்றும்.

நகர வாரியாக மகரந்த அளவை வாரந்தோறும் வெளியிடும் "ரியல் போலன் கவுன்ட்" என்ற இணையதளம் இருக்கிறது. இலவசம். உங்கள் குறிப்பையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

4. வீட்டில் இருக்கும் மருந்தையெல்லாம் மேசையில் கொட்டுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். ஊரிலிருந்து வந்த பை, சளிக்கு வாங்கிய மாத்திரை, நண்பர் கொடுத்த சொட்டு மருந்து எல்லாவற்றையும் எடுத்து, பெட்டியின் பின்பக்கத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள்.

அலர்ஜி மாத்திரைகள்: குளோர்ஃபெனிரமின் போன்ற பழைய வகைகள் தூக்கம் வரவைப்பதோடு வாயையும் கண்ணையும் உலர்த்தும். பல சளி மாத்திரைகளில் இது ஒளிந்திருக்கும். செட்டிரிசின், லோராடடின் போன்ற புதிய வகைகள் குறைவாக உலர்த்தும், ஆனால் சிலருக்கு அவையும் உலர்த்தும். தொந்தரவு கண்ணில் மட்டும் என்றால், மாத்திரைக்குப் பதிலாகக் கண்ணிலேயே விடும் அலர்ஜி சொட்டு மருந்து போதுமா என்று கேளுங்கள். மூக்கும் சேர்ந்து படுத்தினால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே கண் அரிப்பையும் ஓரளவு குறைக்கும்.

சிவப்பை எடுக்கும் மருந்துகள்: டெட்ரிசோலின், நாஃபசோலின் என்று எழுதியிருந்தால் அது ரத்தக்குழாயைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாகக் காட்டும் மருந்து. சில நாளைக்குச் சரி. தொடர்ந்து போட்டால் மருந்து இறங்கியதும் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். மீட்டிங்குக்கு முன்னால் ஒரு சொட்டு என்று ஆரம்பித்து அதை விட முடியாமல் தவிக்கிறவர்கள் உண்டு.

கெடாமல் காக்கும் பொருள்: பென்சல்கோனியம் குளோரைடு என்று பாட்டிலில் இருக்கிறதா பாருங்கள். அலர்ஜி மருந்திலும் இருக்கும், வறட்சி மருந்திலும் இருக்கும். இரண்டையும் ஒரு நாளைக்குப் பல தடவை போட்டால் அந்தப் பொருளே விழியின் மேல்தோலைச் சேதப்படுத்தும். நாளுக்கு 4 தடவைக்கு மேல் செயற்கைக் கண்ணீர் தேவைப்படுகிறவர்கள், அது கலக்காத வகைக்கு மாறுவது நல்லது.

ஸ்டீராய்டு சொட்டு மருந்து: டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்களைப் பார்த்தால் ஜாக்கிரதை. ஊரில் மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைத்துவிடுவதால் நம்மவர் பைகளில் இது இல்லாமல் இருக்காது. போட்டதும் அற்புதமாகக் கேட்கும், அதுதான் ஆபத்து. டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் நாள்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா வரலாம், கண்புரையும் வரலாம். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து என்றால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

அப்புறம், தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், பன்னீர். லெனேஷியாவில் நான் குடியிருந்த வீட்டு ஆயா அன்போடு, "ஒரு சொட்டு தேன் விடு கண்ணு, எல்லாம் சரியாப் போயிடும்" என்பார். அன்பை வாங்கிக்கொள்ளுங்கள், தேனைத் தோசையில் ஊற்றிக்கொள்ளுங்கள். கிருமி நீக்கப்படாத எதையும் கண்ணில் விடக்கூடாது.

5. பார்மசி கவுன்டரில் கேட்க வேண்டியவை

இங்கே மருந்துகளுக்குச் செட்யூல் என்று வரிசை எண் உண்டு. பெட்டியில் எஸ்1, எஸ்2 என்று இருந்தால் சீட்டு இல்லாமல் பார்மசிஸ்ட் தரலாம், பெயரையும் விவரத்தையும் பதிந்துகொள்வார். எஸ்3, அதற்கு மேல் என்றால் டாக்டர் சீட்டு கட்டாயம். கெஞ்சிப் பயனில்லை. செயற்கைக் கண்ணீர் வகைகளைப் பெரும்பாலும் முன்பக்க அலமாரியிலேயே அடுக்கியிருப்பார்கள்.

அலமாரிப் பக்கம் நிற்கும் விற்பனை உதவியாளரிடம் கேட்காமல் பின்னால் கவுன்டரில் இருக்கும் பார்மசிஸ்டிடம் கேளுங்கள். காசு எதுவும் வாங்கமாட்டார்கள். கேள்விகள் மூன்று: இதில் பிரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்) இருக்கிறதா? நான் எடுக்கும் மற்ற மருந்துகளில் கண்ணை உலர்த்தக்கூடியது உண்டா? இதற்கு ஜெனரிக் (அதே மருந்து, வேறு கம்பெனியின் மலிவான வகை) உண்டா?

மூன்றாவது கேள்வி பணத்தை மிச்சப்படுத்தும். தென்னாப்பிரிக்காவில் மருந்துக்கு ஒரே வெளியீட்டு விலை என்ற முறை இருக்கிறது. கம்பெனி விலை எல்லாக் கடைக்கும் ஒன்றே. பார்மசி சேர்க்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே அதே மருந்துக்கு நாலு மால் ஏறி இறங்கினால் பெட்ரோல்தான் செலவாகும். ஜெனரிக்குக்கு மாறினால்தான் வித்தியாசம் தெரியும். மலிவான மாற்று இருந்தால் பார்மசிஸ்ட் அதைச் சொல்ல வேண்டும் என்பது இங்கே சட்டம். மருந்துப் பெயரைப் போட்டால் விலையையும் மாற்று மருந்துகளையும் காட்டும் இலவச இணையதளமும் இருக்கிறது, "மெடிசின் பிரைசஸ்" என்று தேடுங்கள். செயற்கைக் கண்ணீர் எல்லாம் அதில் வராது. அதற்கு மட்டும் கடைக்குக் கடை விலை பார்ப்பது சரிதான்.

6. யாரிடம் போவது

மூன்று வாசல் இருக்கிறது.

ஜிபி, அதாவது குடும்ப டாக்டர். மூக்கு, தும்மல், இருமல் எல்லாம் சேர்ந்திருந்தால் இங்கே ஆரம்பியுங்கள். அலர்ஜி ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார், நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதமும் தருவார். ஆனால் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவி ஜிபி அறையில் பெரும்பாலும் இருக்காது.

ஆப்டோமெட்ரிஸ்ட். எல்லா மாலிலும் இருப்பார். கண்ணாடி எழுதுகிறவர்தானே என்று நினைக்காதீர்கள், வறட்சிப் பரிசோதனையை நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் சந்தேகக் கேஸ்களுக்கு இதுதான் சரியான முதல் வாசல். போன் செய்யும்போதே "ட்ரை ஐ அசெஸ்மென்ட் செய்வீர்களா, பார்வைப் பரிசோதனைக் கட்டணத்தில் சேருமா, தனியா?" என்று கேட்டுவிடுங்கள். பலர் மருந்துச் சீட்டு எழுத முடியாது, அதற்கான கூடுதல் தகுதி பெற்றவர்கள்தான் எழுதலாம். அதையும் கேளுங்கள்.

கண் மருத்துவ நிபுணர். ஸ்டீராய்டு தேவைப்படும் நிலை, குழந்தை, கருவிழிப் பாதிப்பு, பல மாதமாக அடங்காத தொல்லை என்றால் இவர்தான். தனியாரில் இடம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம், கட்டணம் ஜிபியைப் போலப் பல மடங்கு. பதிவு செய்யும்போதே எவ்வளவு என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், இங்கே எல்லோரும் கேட்கிறார்கள்.

அரசு வழியும் இருக்கிறது. முதலில் உங்கள் பகுதி கிளினிக், அங்கிருந்து கடிதத்தோடு மருத்துவமனை. டர்பன் ஓவர்போர்ட்டில் மெக்கார்ட் கண் மருத்துவமனை, ஜோகன்னஸ்பர்க்கில் பராக்வநாத் வளாகத்தில் செயின்ட் ஜான் கண் மருத்துவமனை ஆகியவை பெயர் பெற்றவை. பெரிய மருத்துவமனைகளில் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று, சம்பளச் சீட்டு, பரிந்துரைக் கடிதம் ஐந்தும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வரிசையில் முதலிலிருந்து நிற்க நேரிடும். விடியற்காலையிலேயே போங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

பெயர்ப்பலகையில் பிள்ளே, கவெண்டர், மூட்லி என்று பார்த்து, தமிழில் சொல்லிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். தலைமுறை தலைமுறையாக இங்கே இருப்பவர்கள், வீட்டிலும் ஆங்கிலம்தான். உள்ளே போனதும் அரிப்பு, எரிச்சல், உறுத்தல் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மொத்தமாக "இரிட்டேஷன்" என்றால் ஒரு அலர்ஜி மருந்தோடு வெளியே வந்துவிடுவீர்கள்.

7. பரிசோதனை நாள்

எடுத்துப்போக வேண்டியவை: இரண்டு வாரக் குறிப்பு, மருந்துப் பெட்டிகளின் போட்டோ, மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு போன்ற திட்டம்) அட்டை, பாஸ்போர்ட் நகல், பழைய அறிக்கைகள். கான்டாக்ட் லென்ஸ் போடாமல் போங்கள், கண் மையும் வேண்டாம். பரிசோதனைக்கு முந்தைய சில மணி நேரம் சொட்டு மருந்து விடலாமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். போவதற்குக் கொஞ்சம் முன்னால் செயற்கைக் கண்ணீர் விட்டுக்கொண்டு போனால் முடிவு தவறாக வரும்.

வறட்சிக்கு இரண்டு பரிசோதனை முக்கியம். ஒன்று, மஞ்சள் சாயம் விட்டு, சிமிட்டாமல் இருக்கச் சொல்லி, கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று பார்ப்பது. 10 விநாடிக்குள் உடைந்தால் குறைவு. இன்னொன்று ஷிர்மர். கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் நனைந்தது என்று அளப்பார்கள். 5-க்குக் கீழே என்றால் நிச்சயமான வறட்சி. கூச்சமாக இருக்கும், வலிக்காது. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அலர்ஜிக்கு, மேலிமையைப் புரட்டி உள்ளே பொரிப்பொரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இமையைப் புரட்டாமலே அலர்ஜி என்று முடிவு சொன்னால், "புரட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்கலாம், தப்பில்லை.

எதற்கு அலர்ஜி என்று தெரிய இரண்டு வழி. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும், எத்தனை நாள் என்று அந்த இடத்தில் சொல்வார்கள். நிறுத்தாமல் போனால் வெறும் கையோடு திரும்பி வர வேண்டியதுதான். ரத்தப் பரிசோதனைக்கு நிறுத்தத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் காசு, ஆகவே "எல்லாவற்றையும் பாருங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். மூச்சில் போகும் பொருள்களுக்கான தொகுப்புப் பரிசோதனையை முதலில் செய்து, அதில் ஏதாவது காட்டினால் மட்டும் தனித்தனியாகப் போகலாம்.

கண்மணியை விரிக்கும் மருந்து விட்டால் சில மணி நேரம் கார் ஓட்டக் கூடாது. திரும்ப வருவதற்கு ஆள் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கண்வறட்சியோடு வாய் வறட்சியும் மூட்டு வலியும் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை, தைராய்டு இருந்தால் அதையும்.

8. மெடிக்கல் எய்டும் காசும்

புதிதாக வந்தவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. முன்பு இங்கே எந்தத் திட்டத்திலும் இல்லாதவருக்கு, சேர்ந்ததும் 3 மாதம் வரை பொதுக் காத்திருப்பு விதிக்கலாம். ஏற்கெனவே இருந்த நோய்க்கு 12 மாதம் வரை விதிக்கலாம். கண்ணுக்காக முன்பு சிகிச்சை எடுத்திருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் உறுப்பினர் தகுதியே போகலாம்.

மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும் செலவு ஏற்கும் ஹாஸ்பிட்டல் பிளான் வைத்திருந்தால் இந்தத் தொல்லைக்கு அதிலிருந்து ஒரு ராண்டும் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் திட்டமும் கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் ஆஸ்துமாவும் கிளாக்கோமாவும் உண்டு. கண் அலர்ஜியும் கண் வறட்சியும் இல்லை. ஆகவே திட்டத்துக்குள்ளேயே மருத்துவச் சேமிப்புக் கணக்கு இருந்தால் செலவு அதிலிருந்துதான் போகும், அது வருடக் கடைசியில் காலியாகி இருக்கும். புல் சீசனோ அக்டோபரில் ஆரம்பிக்கிறது! முக்கியமான பரிசோதனையைச் சேமிப்பில் பணம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஆப்டோமெட்ரிக்கு மட்டும் பல திட்டங்களில் தனி ஒதுக்கீடு உண்டு, அதை முதலில் பயன்படுத்துங்கள். நிபுணரிடம் போகுமுன் ஜிபி கடிதம் வேண்டுமா, திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க் டாக்டர் யார் என்று திட்டத்துக்குப் போன் செய்து கேளுங்கள். கடிதம் இல்லாமல் போனால் மொத்தமும் உங்கள் தலையில் விழலாம்.

பில்லை வாங்கியதும் நோயைக் குறிக்கும் ஐசிடி-10 குறியீட்டைப் பாருங்கள். கண் அலர்ஜிக்கு எச்10.1, வறட்சிக்கு எச்04.1 என்று வரும். குறியீடு இல்லாத பில்லைத் திட்டம் திருப்பிவிடும். இரண்டும் இருந்தால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், அடுத்த டாக்டருக்கும் அது உதவும். நீங்களே காசு கட்டியிருந்தால், சிகிச்சை பெற்ற மாதத்துக்கு அடுத்து வரும் நான்காவது மாதக் கடைசிக்குள் பில் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் போச்சு.

9. மருந்து போடும் முறை

இரண்டு வகைச் சொட்டு மருந்து இருந்தால் நடுவில் 5 முதல் 10 நிமிடம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். ஜெல், களிம்பு எல்லாம் கடைசியில், படுக்கப் போகும்போது. கீழிமையை இழுத்து ஒரு சொட்டு போதும். விட்டதும் கண்ணை மூடி மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள். பாட்டில் நுனி இமையில் படக் கூடாது. திறந்த தேதியைப் பாட்டில்மேல் பேனாவால் எழுதிவிடுங்கள். பல மருந்துகளைத் திறந்து ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டும்.

ஒத்தடத்தில் தப்பு நடக்கும். அரிப்புக்குக் குளிர்ந்த ஒத்தடம், இமைச் சுரப்பி அடைப்புக்கு வெதுவெதுப்பான ஒத்தடம். அலர்ஜி உச்சத்தில் இருக்கும்போது சூடு வைத்தால் அரிப்பு கூடும். செயற்கைக் கண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து விட்டால் அரிப்புக்கும் இதம், வறட்சிக்கும் நல்லது, விழுந்த மகரந்தமும் கழுவிப் போகும். இரண்டு தொல்லையும் உள்ளவர்களுக்கு இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரியாது.

சில மருந்து உடனே கேட்கும், சில கேட்காது. ஓலோபடடின் சீக்கிரம் வேலை செய்யும். சோடியம் குரோமோகிளிகேட் முழுப் பலன் தரச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும், அதனால் சீசனுக்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது. ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் ஆகஸ்டிலேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். வறட்சிக்கு சைக்ளோஸ்போரின் எழுதினால் மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும், ஆரம்பத்தில் எரியும். கேட்கவில்லை என்று பாதியில் விட்டால் காசு வீண்.

கண்ணைக் கசக்காதீர்கள். அரிப்பை அது இன்னும் கிளப்பும். வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி கூம்பிப் போகும் கெரட்டோகோனஸ் வரும் ஆபத்து உண்டு.

10. வீட்டிலும் காரிலும்

ஹீட்டர், ஏசி, கார் வென்ட் மூன்றின் காற்றும் முகத்தில் நேரே அடிக்கக் கூடாது. செலவில்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது இது. திரையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள், இமை பாதி மூடியிருந்தால் கண் மெதுவாகக் காயும். வெளியே போகும்போது பக்கம் மூடிய கூலிங் கிளாஸ். புல் சீசனில் ஹைவெல்டில் தலையணை உறையை வெளியே கொடியில் காயப்போடாதீர்கள், வந்ததும் முகம் கழுவுங்கள், இரவு தலைக்குக் குளித்துவிட்டுப் படுங்கள். டர்பனில் படுக்கை விரிப்பை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

சாம்பிராணியும் கற்பூரமும் எரிச்சலைக் கிளப்பும். விடச் சொல்லவில்லை, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கோயிலில் தீமிதி என்றால் புகை முகத்தில் அடிக்காத பக்கமாகப் பார்த்து நில்லுங்கள்.

11. ஊருக்குப் போய் வரும்போது

விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. ஒற்றை உபயோகக் குப்பியில் வரும் செயற்கைக் கண்ணீரைக் கைப்பையில் வையுங்கள், லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போதும். திரும்பும்போது ஊரிலிருந்து மருந்து கொண்டுவருவதாக இருந்தால், சீட்டு தேவைப்படும் வகைகளைச் சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுவராதீர்கள். டாக்டர் சீட்டின் நகல் ஆங்கிலத்தில், உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில் இருக்கட்டும். மருந்தைக் கம்பெனிப் பெட்டியிலிருந்து பிரிக்காதீர்கள். அம்மா பேரில் வாங்கிய சீட்டைக் காட்டி விளக்கிக்கொண்டு நிற்கிறவர்களை விமான நிலையத்தில் பார்த்திருக்கிறேன்.